கழுத்து சாய்ந்தவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது காஞ்சிபுரத்தில், போன பங்குனியில், பட்டப்பகலில் நடந்தது. ஷாரோன் பொய் சொல்கிற பெண் இல்லை. ஒன்பது வருடமாக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ். எதைப் பார்த்தும் லேசில் மிரளமாட்டாள்.

மணி 12:10. ஓரிக்கையிலிருந்து தறிக்காரர் ராமராஜன் தன் சின்ன மகள் மோனிஷாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பதின்மூன்று வயது. விடிந்ததிலிருந்து ஓயாத வாந்தி. டாக்டர் பார்த்துவிட்டு, வாந்தி நிற்க மெட்டோகுளோபிரமைட் ஊசி எழுதினார்.

"பாப்பாவுக்கோ வீட்ல வேற யாருக்காவதோ எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்குதாண்ணா?"

"இல்லமா. ஒண்ணும் இல்ல."

12:14. ஷாரோன் சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெண். பதினேழு வயது இருக்கும். மோனிஷாவின் தலைமுடியை முகத்தில் விழாமல் சேர்த்துப் பிடித்திருந்தாள். எப்போது உள்ளே வந்தாள்? கதவுச் சத்தமே கேட்கவில்லையே...

மணிக்கட்டில் சிவப்புப் பட்டு நூல். மூன்று சுற்று.

கழுத்து ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன.

"அந்த ஊசி வோணாம்க்கா..."

நாக்கு குழறியது.

"எனக்கும் அதான் போட்டாங்க."

டக். சிரிஞ்ச் தரையில் விழுந்தது.

ஷாரோன் குனிந்து நிமிர்ந்தாள்.

யாருமில்லை...

"இந்த ஊசி வேணாம் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, டாக்டர் ஆண்டன்செட்ரான் என்ற வேறு வாந்தி மருந்துக்கு மாற்றினார். ஷாரோன் கடிகாரத்தைப் பார்த்தபடி மெல்ல மெல்ல ஏற்றினாள். 12:40க்குக் குழந்தை தூங்கிவிட்டாள்.

அப்புறம்தான் ராமராஜனிடம் அந்தப் பெண்ணையும் சிவப்பு நூலையும் பற்றிக் கேட்டாள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பெரிய பொண்ணுமா. திரிஷா. போன வருசம் வாந்திக்கு ஊசி போட்டாங்க. சாயங்காலம் கழுத்து முறுக்கிக்கிச்சு. பேய் புடிச்சிருக்குதுன்னாங்க. தறியில ஏத்தாத நூலக் கையில கட்டி, ரெண்டு நாள் வேப்பிலை அடிச்சோம். மூச்சடைச்சு போயிட்டா. நீங்க ஊசின்னு கேட்டீங்க... நான் அத பேய்னுதானேமா நெனச்சிக்கினு இருந்தேன்."

சிலருக்கு அந்த மருந்து அப்படிச் செய்யும். அதை முறிக்கும் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் கழுத்து நேராகிவிடும். இதை எப்படிச் சொல்வது? ஆனால் சின்னவளுக்கு இனி யாரும் அந்த ஊசியைப் போட்டுவிடக் கூடாதே. ஷாரோன் அழுதுகொண்டே சொன்னாள்.

"அப்ப... எம் பொண்ணுக்குப் பேயே புடிக்கலியாமா?"

ஷாரோன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மோனிஷா புரண்டு படுத்தாள். அவள் தலைமுடி பின்னால் சேர்த்துக் கட்டியிருந்தது.

சிவப்புப் பட்டு நூல். மூன்று சுற்று.

ராமராஜன் எழுந்து அதைத் தொட்டார்.

"இது அவ கையோடவே எரிஞ்சிதேமா..."