ஆற்றைத் தாண்டிய பனியன் நூல்

அறுபதுகளின் பிற்பகுதியில் ஓர் ஐப்பசி மாதம். உடுமலையிலிருந்து மலைப்பக்கம் போனால் காட்டாறு ஒன்று வரும். அதன் கரையில் ஒரு தங்கும் விடுதி இருந்தது. விடுதி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கல் அடித்தளம், பலகைச் சுவர், தகரக் கூரை என்று தனித்தனியாக நாலைந்து மரவீடுகள். அதில் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் தங்கியிருந்தபோது நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

உல்லாசப் பயணம் போகிற வசதி எங்களுக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர் திருப்பூரில் சலவைப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். பனியன் துணி மெஷினிலிருந்து இறங்கும்போது பழுப்பாகத்தான் இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் அதை ஊறப்போட்டு, மிதித்து, அலசி, களத்தில் காயவைத்தால்தான் கடையில் நீங்கள் பார்க்கும் வெள்ளை வரும். அந்தத் தொட்டியின் நெடியிலேயே வருஷக்கணக்காக நின்றதில் துணி வெளுத்தது, மனிதரின் நெஞ்சு கெட்டது. நாலு எட்டு வைத்தால் இளைப்பு வாங்கும். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒரு மாதம் மலைக்காற்றில் இருக்க வேண்டும், முடிந்தால் இந்த வேலையையே விட்டுவிட வேண்டும். முதலாவது மட்டும்தான் என் வீட்டுக்காரரின் காதில் விழுந்தது.

சலவைப் பட்டறை ஆளுக்கு லீவு எப்போது கிடைக்கும்? வெயில் அடிக்கிற வரைக்கும் கிடைக்காது. மழை பிடித்தால் துணி காயாது, பட்டறையை மூடிவிடுவார்கள். அப்போதுதான் லீவு. ஆக, ஈரம் ஆகாத நோய்க்கு, மழை லீவில், மழை கொட்டுகிற மலைக்கே போய்ச் சேர்ந்தோம். இந்த அறிவாளித்தனம் திருப்பூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் வராது. அந்த விடுதி எங்கள் முதலாளியின் மைத்துனருடையது. கோடையில் கோயமுத்தூர்ப் பணக்காரர்கள் வருவார்களாம். ஐப்பசியில் அட்டைப் பூச்சியைத் தவிர விருந்தாளி யாரும் கிடையாது என்பதால் எங்களைச் சும்மா தங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பலகை இடுக்கு வழியாக ஆறு தெரியும், அதன் இரைச்சல் எந்நேரமும் கேட்கும். மின்சாரம் கிடையாது, பெட்ரோமாக்ஸ் விளக்குதான். விடுதிக்கு ஒரு காவல்காரர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சமையலுக்கு விறகு பிளந்து கொடுப்பது முதல் குரங்கு விரட்டுவது வரை எல்லாம் அவர்தான். அவருடைய மனைவி மக்கள் எதிர்க்கரைக் கிராமத்தில் இருந்தார்கள். ஆற்றின் குறுக்கே மரங்களைக் கயிற்றால் பிணைத்துப் போட்ட பாலம் ஒன்றுதான் வழி. பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. தினமும் மத்தியானம் ஒரு பஸ் அங்கே வந்து திரும்பிப் போகும். என் அண்ணன் உடுமலையில் இருந்தார். இளைப்பு மாத்திரையை வாங்கி அந்த பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். கண்டக்டர் டீக்கடையில் கொடுப்பார். நான் பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கி வருவேன்.

என் வீட்டுக்காரர் காலையில் ஆற்றங்கரையில் உலாவினார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

அப்புறம் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை, வானம் பொத்துக்கொண்ட மழை. மறுநாள் விடிந்து பார்த்தால் பாலம் இருந்த இடத்தில் செம்மண் வெள்ளம்தான் ஓடியது. எங்களுக்குப் பின்னால் பாறையும் காடும். வேறு வழி கிடையாது. விடுதியில் இருந்த நல்ல கயிறெல்லாம் பாலத்தோடு சேர்ந்தே போய்விட்டது.

அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. மாத்திரைதான் தீர்ந்துகொண்டு வந்தது. ஈரக் காற்றில் இளைப்பு மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. படுக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்தபடியே மூச்சுக்குப் போராடினார். காவல்காரர் ஆடாதோடை இலை பறித்து வந்து கஷாயம் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் தாங்கும், மறுபடி நெஞ்சு கீச்சிடும். கடைசி மாத்திரையைக் கொடுத்த அன்று மத்தியானம் அக்கரையில் பஸ் வந்தது. டீக்கடைக்காரர் ஆற்றோரம் வந்து ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். மருந்து கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. காவல்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“நானு நீந்திப் போயி வாங்கிட்டு வந்தர்றனுங்க அம்மிணி. இந்த ஆறு எனக்குப் பழக்கமுங்க.”

“வேண்டாமுங்ணா. உங்க ஊட்ல சனம் அக்கரைல நின்னு பாத்துட்டு இருக்குது” என்றேன். உண்மையிலேயே அவருடைய மனைவி இடுப்பில் குழந்தையோடு டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என் தாலியைக் காப்பாற்ற அந்தம்மா தாலியைப் பணயம் வைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் மருந்து இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகர்வதாகவும் இல்லை.

எங்களிடம் பனியன் துணி இருந்தது. திருப்பூரில் எங்களைப் போன்ற வீடுகளில் எல்லாவற்றுக்கும் பனியன் துணிதான். தொட்டில் கட்ட, மூட்டை கட்ட, கன்றுக்குட்டியைக் கட்டக்கூட அதுதான். மெஷினில் பழுதாகிப்போன துணி மலிவாகக் கிடைக்கும். குழாய் மாதிரி உருண்டையாக வரும் அந்தத் துணியில் இரண்டு நீளம் கொண்டுவந்திருந்தேன். ஒன்று விரித்துக்கொள்ள, ஒன்று போர்த்திக்கொள்ள. விரிப்பை எடுத்துச் சுற்றிச் சுற்றி நீளப் பட்டையாக வெட்டினேன். பனியன் துணிப் பட்டையை இழுத்துவிட்டால் தானாகவே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். விடுதிக்கு மேலே பாறைகள் நெருங்கி ஆறு குறுகுகிற ஓர் இடம் உண்டு. அங்கே போய், காவல்காரர் குரங்கு விரட்டும் கவணில் ஒரு கல்லை வைத்து, அதில் பட்டையைக் கட்டி வீசினார். அக்கரையில் விழுந்தது. எனக்கு ஒரே பெருமை.

டீக்கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிவிட்டார். நான் இழுத்தேன். பட்டை என் பக்கம் வந்தது, பொட்டலம் வரவில்லை. இழுக்க இழுக்க நீண்டது. ஈரத்தில் ஊறிய பனியன் துணி எப்படி நீளும் என்பது பிறந்ததிலிருந்து அதைத் துவைத்துக் காயப்போடுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆத்திரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. நடு ஆற்றில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டதும் வெள்ளம் பிடித்துக்கொண்டது. வெட்டின ஓரத்திலிருந்து இழை விட்டுப் பட்டை அறுந்தது. மருந்து என் கண் முன்னாலேயே போனது.

அக்கரையில் டீக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். கண்டக்டர் கையை ஆட்டி ஆட்டி, நாளைக்கு வேறு கொண்டுவருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

அன்றைய இரவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. விடிந்தபோது அவர் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான்.

விடிந்த வெளிச்சத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தேன். நீளுகிற சாமானை நம்பினேன். அது ஒரு தப்பு. முதலில் போன பட்டையிலேயே மருந்தைக் கட்டச் சொன்னேன். அது அதைவிடப் பெரிய தப்பு. அந்தப் பட்டையால் அக்கரையிலிருந்து கெட்டியான கயிறு ஒன்றை இழுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மருந்தையே இழுத்தேன். இப்போது பட்டையும் இல்லை. சேலையைக் கிழித்து முடிச்சுப் போட்டு வீசினால் கனத்தில் கல் பாதி ஆறுகூடப் போகாது. காட்டுக்கொடியும் அப்படித்தான்.

என் பார்வை அவர் போர்த்தியிருந்த துணியில் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்பு பனியன் கம்பெனியில் என் வேலையே பழுதான துணியைப் பிரித்து நூலாக்கிச் சுற்றுவதுதான். பனியன் துணியை வெட்டினால் பாழ். ஆனால் பின்னி முடிந்த பக்கத்து நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் அறுபடாமல் சரசரவென்று பிரிந்துகொண்டே வரும். நூல் துணியைப் போல நீளாது. நனைந்தால் இன்னும் உறுதிதான் கூடும். மழைக்காலத்தில் மெஷினில் நூல் அறுபடுவது குறைவு என்று எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

போர்வையின் ஓரத்தைத் திருப்பித் திருப்பி நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பேசவே மூச்சில்லாத மனிதருக்குக் கிண்டலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

“ஏம்புள்ள, போத்தியிருக்கறதயும் உரிச்சுப் போட்டீன்னா நானென்ன பண்றது?”

“மூச்சு வந்தாத்தானுங்க போர்வை. கையை நீட்டுங்க” என்றேன்.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். காவல்காரர் தன் கம்பளியைக் கொண்டுவந்து அவர் மேல் போட்டார். நான் பிரிக்கப் பிரிக்க, அவருடைய இரண்டு கைகளைச் சுற்றியும் நூலை ஓட்டினேன். பின்னலிலிருந்து வருகிற நூல் சுருள் சுருளாக வரும். ஈரக் கையால் நீவிவிட்டால் நேராகும். நெஞ்சு ஏறி இறங்குகிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது, ஆனால் நீட்டின கை மட்டும் இறங்கவில்லை. நடுவில் கையைக் கீழே வையுங்கள் என்று நானே சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அப்போதுதான் எனக்குள் இருந்த பயம் போனது. இந்த மனிதர் சாக மாட்டார் என்று தோன்றிவிட்டது.

நாலு இழைகளை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு மரங்களுக்கு நடுவே காவல்காரரும் நானும் நடந்து நடந்து முறுக்கினோம். ஒரு பெரிய பாத்திரத்தில், சிக்காமல் வெளியே ஓடுகிற மாதிரி வளையம் வளையமாக அடுக்கினேன். பாறை இடுக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதல் வீச்சில் கல் மட்டும் போனது, நூல் வெடுக்கென்று அறுந்தது. கல்லைச் சிறிதாக்கினோம். அடுத்தது நடு ஆற்றில் விழுந்தது. அதைச் சுற்றி எடுத்து மறுபடி அடுக்கினேன். இப்படி எத்தனை முறை என்று கணக்கு வைக்கவில்லை. காவல்காரருக்குத் தோள் வலி எடுத்துவிட்டது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நான் விடவே இல்லை. அவர் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை.

பஸ் வந்து நின்ற பிறகுதான் ஒரு கல் அக்கரைப் புதருக்குள் விழுந்தது. கண்டக்டரும் டீக்கடைக்காரரும் புதருக்குள் நுழைந்து துழாவி நூலைப் பிடித்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் மருந்துப் பொட்டலத்தை எடுத்தார். வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். பாறை மேல் ஏறி, கயிறு திரிப்பது போலவும் முடிச்சுப் போடுவது போலவும் சைகை காட்டினேன். தினமும் பஸ் மேலே மூட்டை கட்டுகிற கண்டக்டருக்கு உடனே புரிந்தது. கடையில் பொட்டலம் கட்டும் சணலை நூலின் நுனியில் கட்டினார். மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு நூலை இழுத்தேன். சணல் வந்தது. சணலின் மறு நுனியில் பஸ் கூரைக் கயிற்றையும், கூடவே இன்னொரு சணலையும் கட்டினார்கள். காவல்காரரும் நானும் சேர்ந்து இழுத்தோம். கயிறு வந்தது. இரண்டு பக்கமும் மரத்தில் உயரமாக இழுத்துக் கட்டி, டீக்கடைப் பால் தூக்கில் மருந்தை வைத்து மூடி, கயிற்றில் தொங்கவிட்டு, அந்த இரண்டாவது சணலின் நுனியை அதில் கட்டினார்கள். சணலைப் பிடித்து நான் இழுக்க, அந்தத் தூக்கு வெள்ளத்துக்கு மேலே ஆடி ஆடி என் கைக்கு வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் மாத்திரைக்குப் பக்கத்தில் டீக்கடைக்காரர் நாலு வடையும் வைத்திருந்தார்.

கயிறு இல்லாமல் பஸ் எப்படித் திரும்பிப் போனது என்று கேட்காதீர்கள். அன்று மேலே ஏற்றின மூட்டைகளையெல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு, பயணிகள் அதன் மேலேயே உட்கார்ந்து போனார்களாம். முகம் தெரியாத எனக்காக ஒரு பஸ் சனம் முணுமுணுக்காமல் போனது. வெள்ளம் வடிகிற வரைக்கும் அந்தக் கயிறு அங்கேயே இருந்தது. காவல்காரரின் மனைவி அதிலேயே அவருக்குக் குழம்பு அனுப்பினார்.

ஆறு வடிந்ததும் திருப்பூருக்கு வந்தோம். வெயில் அடித்தது. பட்டறையிலிருந்து ஆள் வந்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நான் வாசல்படியில் நின்றுகொண்டேன்.

“இனித் தொட்டில எறங்க வேண்டாமுங்க.”

“வேற என்ன வேல எனக்குத் தெரியும் புள்ள? எத வெச்சுப் பொழைக்கறது?”

“மொதல்ல நூலு போகட்டுமுங்க. கயிறு பின்னால வரும்” என்றேன். அவர் துண்டைக் கொடியில் போட்டார்.

பழுதுத் துணி பிரிக்கும் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தோம். அவர் கையை நீட்டுவார், நான் நூலை ஓட்டுவேன். அதில் மிச்சம் பிடித்து ஒரு தையல் மெஷின், அப்புறம் இன்னொன்று. பெரிய முதலாளி எல்லாம் ஆகவில்லை. ஆனால் அவர் தன் பேரன் பேத்திகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அன்று ஆற்றங்கரையில் நான் கேட்டது அந்த மூச்சைத்தான்.

அவர் போய் இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. அக்கரையில் நின்று பயமுறுத்துகிற காரியம் எது வந்தாலும், இன்றைக்கும் நான் முதலில் தேடுவது என் கையில் இருப்பதில் பிரிகிற நுனி எது என்பதைத்தான்; அதைத் தேடும்போதெல்லாம் நீலம் பாரித்த உதட்டோடு அவர் கையை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.