அப்பாவின் கள்ளர்கள்

எனக்கு ஒன்பது வயதில், ஊரெல்லாம் கள்ளர்கள் என்றும், அவர்கள் அத்தனை பேருக்கும் என் அப்பாவின் பொருள்கள் மேல்தான் கண் என்றும் நம்பியிருந்தேன்.

அப்பா கோட்டாற்றில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். ஆறு நாள் கடைக்குள் அடைந்து கிடப்பவர், ஞாயிறு விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்விடுவார். காற்றாலைகளைத் தாண்டி மலையடிவாரத்தில் நடப்பார், கால்வாயில் குளிப்பார், மத்தியானம் கறுத்துப்போய்த் திரும்புவார். வரும்போது ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். குடையை டீக்கடையில் எவனோ எடுத்துவிட்டான். பாறைமேல் வைத்த டார்ச் லைட்டைக் காணோம். ஒருமுறை வெறுங்காலோடு வந்தார்.

"ஒங்களுக்குன்னே ஒரு கள்ளன் பொறந்திருக்கான்" என்று அம்மா சிரிப்பாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வரும்.

பச்சைக் கட்டம் போட்ட சட்டையும் அப்படித்தான் போனது. அதில் அறுந்த பொத்தானை நான் சிவப்பு நூலால் தைத்திருந்தேன். என் வாழ்க்கையில் தைத்த முதல் பொத்தான். அப்பா பனியனோடு வந்து நின்றதும் அழுதுவிட்டேன்.

"குளிக்க எறங்கினேன் மக்கா. கரையில கெடந்தத எவனோ கொண்டு போயிட்டான்" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. அன்று முதல் தெருவில் போகும் ஆண்களின் சட்டைகளை நின்று கவனிக்கத் தொடங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, மலைக்குப் போன அப்பா உயிரோடு திரும்பவில்லை. காய்ச்சல் என்றுகூட ஒருநாள் படுக்காத மனிதர். நெஞ்சுவலி என்றார்கள். நான் நம்பவில்லை. யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்றே தோன்றியது.

ஐந்தாம் நாள் மத்தியானம், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு அசந்திருந்தார்கள். கேட்டருகே நரைத்த தாடியோடு மெலிந்த ஆள் ஒருவர் வந்து நின்றார். கையில் அப்பாவின் தண்ணீர் பாட்டில். உடம்பில் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. நெஞ்சுக்கு நேரே சிவப்பு நூல்.

"அம்மா இருக்காவளா மக்கா?"

"இது எங்க அப்பா சட்ட. நீங்க களவாண்டது."

அவர் திகைத்துப்போனார். "ஆரு சொன்னா?"

"அப்பாதான். குளிக்கும்போ கள்ளன் கொண்டு போயிட்டான்னு."

ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "அப்பாவே சொன்னாவளா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப சரிதான் மக்கா."

பாட்டிலை மதில்மேல் வைத்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்தார். தோளில் கிடந்த துண்டைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நடந்து போய்விட்டார்.

கள்ளனைப் பிடித்த பெருமையோடு உள்ளே ஓடி, படுத்திருந்த அம்மாவை எழுப்பினேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அந்த ஆடு மேய்க்கிற மனுசன்தான் ஒங்க அப்பாவ ரோடு வரைக்கும் தோள்ல சொமந்துட்டு வந்தது. ஒங்க அப்பாவுக்கு எதுவும் களவு போகல்லட்டி. எல்லாம் அவியளே இல்லாதவியளுக்குத் தூக்கிக் குடுத்தது. நான் ஏசுவேன், நீ அழுவேன்னு சொன்ன கள்ளக்கததான் அதெல்லாம்."

மாமா பஸ் ஸ்டாண்டு வரை போய்த் தேடினார். ஆள் கிடைக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஆரல்வாய்மொழிக்குப் போனாள். விசாரித்துக்கொண்டே நடந்து, அவரை மலையடிவாரத்தில் கண்டுபிடித்தோம். அம்மா சட்டையை நீட்டினாள். அவர் அதை வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அப்பா தந்ததுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

அவர் ஆடுகளைப் பார்த்தார். பிறகு, "வெயில்ல வந்திருக்கிய. நொங்கு திங்கியா மக்கா?" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில், அந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று அம்மாவின் காதில் சொன்னேன். என் அப்பாவை என் முன்னால் பொய்யராக்க மனமில்லாமல்தான் மறைத்தார் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.