சுசீலா மேடம் போட்ட கையெழுத்து

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தாம்பரத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றிருந்தேன். பழம்பாத்திரக் குறிகளைத் தேடும் நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் வாட்ஸ்அப்பில் சுசீலா மேடத்தின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. வழக்கம்போல ஏதாவது செம்பின் அடிப்பாகத்தைப் படம் எடுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்துத் திறந்தேன். "அம்மா இன்று விடியற்காலையில் தவறிவிட்டார்கள்" என்று அவருடைய மகள் எழுதியிருந்தார்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் வாய்தா ஆயிற்றே, மேடத்தின் சாட்சி இல்லாமல் வழக்கில் மாட்டியிருக்கும் சேகரின் கதி என்ன என்றுதான் தோன்றியது. டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் சானடோரியம் ரயில் நிலையம் வரை போய்விட்டேன்.

மேடத்தை உங்களில் பலருக்கு ஐந்தாறு ஆண்டுகளாகத் தெரியும். ஞாயிறு காலையில் சேலையூரில் நாம் கூடும் அந்தக் கொட்டகைக்கு ஒரு பூதக்கண்ணாடி, பழைய பல்துலக்கும் பிரஷ், கட்டு போட்ட முழங்கால் ஆகியவற்றோடு வந்து சேருவார். யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேராகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். ஓட்டலில் காபி வந்தால்கூட டபராவைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒருமுறை சர்வர் பயந்துபோய், டபரா கழுவியதுதான் மேடம் என்றார்.

அவர் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒவ்வொரு பரிசோதகருக்கும் ஓர் எண் உண்டு. பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்ட பாகத்தின் மேல் அந்த எண்ணைச் சுத்தியலால் குத்தி அனுப்ப வேண்டும். மேடத்தின் எண் பதினேழு. "குத்தினா முடிஞ்சுது சார். நாளைக்கு அந்தப் பாகம் உடைஞ்சா, பதினேழு யாருன்னு தேடி வீட்டுக்கே வருவாங்க. வரணும்" என்பார். பழைய பாத்திரங்களின் அடியில் இருக்கும் குறிகள் மேல் அவருக்கு வந்த பித்து அங்கிருந்து வந்ததுதான். மீனோ நட்சத்திரமோ இரண்டு புள்ளியோ, எதைப் பார்த்தாலும் இது யாரோ ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்ட அடையாளம் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

பம்மலில் பழைய சாமான் வாங்கும் ஒரு காயலான் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். நம் நண்பர் ஒருவர் மீன் குறி போட்ட பித்தளை டம்ளர் ஒன்றைக் கண்டெடுத்துவிட்டு, பாண்டியர் சின்னம் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மேடம் திருப்பிப் பார்த்தார். பாண்டிய ராஜா டம்ளரில் காபி குடித்தாரா என்று கேட்டார். பிறகு பக்கத்துச் சந்தில் இருந்த பாத்திரப் பட்டறைக்குப் போய் விசாரித்தார். அந்தப் பட்டறைக்காரரின் தாத்தா தன் சரக்கில் போட்ட குறி அது. "அரமனைக்குப் போறதுக்கு முன்னாடி அடுத்த தெருவுல கேட்டுடுங்க சார்" என்று அன்று என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். அதைக் கேட்டு நடந்திருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

போன வருடம் நம் பக்கத்து ஊர்களில் ஒன்றில், ஒரு சிறிய சிவன் கோயிலில் குத்துவிளக்கு காணாமல் போனது. இரண்டு நாளில் ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். அவர்தான் சேகர். பெரும்பாக்கம் குடியிருப்பில் இருப்பவர். மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் எடுப்பவர். அவர் வண்டியில் பழைய வெண்கல விளக்கு ஒன்று இருந்தது. மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது சாமான்களோடு போட்டார்கள் என்றார். எந்த வீடு என்று கேட்டு அழைத்துப் போனால், அங்கே வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் காணாமல் போன விளக்குக்குப் படம் எதுவும் இல்லை. வண்டியில் இருந்த விளக்கின் அடியில் மட்டும் ஒரு சூலம் குத்தியிருந்தது. சூலத்தின் கீழே ஒரு புள்ளி.

கோயில்காரர்கள் வண்டியில் கிடைத்த விளக்கின் படங்களோடு நம்மைத் தேடி வந்தார்கள். காவல் நிலையத்தில் விளக்கை நேரில் பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். அன்று எனக்கு இருந்த பெருமிதத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். மேடம் வெகுநேரம் பார்த்தார். சிவன் கோயிலுக்கு எழுதி வைத்த பொருளில் சூலம் போடுவது பழைய வழக்கம்தான், கோயில் நிலத்து எல்லைக்கல்லில்கூட சூலம் இருக்கும் என்றார். ஆனால் அந்தப் புள்ளிதான் உறுத்துகிறது என்றார். ஒரு வாரம் கொடுங்கள், நாலு இடத்தில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அந்த ஒரு வாரத்தைக் கொடுக்காதவன் நான்.

இது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே கோயில்காரர்கள் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். கண் உள்ளவனுக்கெல்லாம் தெரிகிற சூலத்துக்கு ஒரு வாரம் எதற்கு, நம் குழுவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள் என்று மேடத்தின் காதருகில் கடிந்துகொண்டேன். முப்பது வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். வார்த்தைக்குப் பஞ்சமா? அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இது சிவன் கோயிலுக்கு உரிய பொருள் என்பதற்கான குறி என்று ஒரு பக்கம் எழுதினேன். மேடம் அதை இரண்டு முறை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நான் எழுதிய எந்தப் பத்திரத்திலும் கடைசியில் எழுதியவர் என்று என் பெயர் இருக்கும். அதுதான் எங்கள் தொழிலின் முறை. அந்தத் தாளில் மட்டும் போடவில்லை. தெரியாமல் விட்டுவிட்டேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துதான் விட்டேன்.

ஜாமீன் கிடைக்கும் வரை சேகர் நாற்பது நாள் உள்ளே இருந்தார்.

உண்மை வெளிப்பட்டது ஒரு கல்யாணத்தில். குரோம்பேட்டையில் நம் நண்பர் மகளின் வரவேற்பு. வாசல் மேசையில் சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பன்னீர்ச் செம்பு இருந்தது. மேடம் வழக்கம்போல அதைக் கவிழ்த்தார். பன்னீர் முழுவதும் மாப்பிள்ளையின் அத்தையுடைய பட்டுப்புடவையில் கொட்டியது. அந்த அம்மாள் திட்டியது எதுவும் மேடத்தின் காதில் விழவில்லை. செம்பைப் பிடித்தபடி அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். செம்பின் அடியில் சூலம். கீழே ஒரு புள்ளி.

அந்தச் செம்பைக் கொண்டுவந்த சமையல் காண்டிராக்டரைப் பிடித்து விசாரித்தோம். மாடம்பாக்கத்தில் முன்பு ஒரு வாடகைப் பாத்திரக் கடை இருந்ததாம். முதலாளிக்கு அங்காளம்மன் குலதெய்வம். கல்யாண வீட்டில் நாலு கடைப் பாத்திரமும் கலந்துபோகும், திரும்பி வரும்போது தன்னுடையதைப் பிரித்தெடுக்க வேண்டுமே என்று அண்டா முதல் கரண்டி வரை எல்லாவற்றிலும் அம்மன் சூலத்தையும் கீழே தன் கடைக்கென்று ஒரு புள்ளியையும் குத்தி வைத்திருந்தாராம். அவர் இறந்த பிறகு மகன் கடையை மூடிவிட்டு வெளியூர் போய்விட்டார். பாத்திரங்களில் பாதியை இந்தக் காண்டிராக்டர் வாங்கிக்கொண்டார். மீதியெல்லாம் வீட்டை இடிக்கும்போது காயலானுக்குப் போனது.

சேகர் சொன்னது முழுக்க உண்மை. நமக்கு அடுத்த தெருவில் இருந்தது அந்த உண்மை.

மறுநாள் காலையிலேயே மேடம் காவல் நிலையத்துக்குப் போனார். வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டது, இனி அங்கே வந்து சொல்லுங்கள் என்றார்கள். வெளியூர் மகனிடம் போனில் கெஞ்சினார். போலீஸ் விவகாரத்தில் தன்னை இழுக்க வேண்டாம் என்று அவர் வைத்துவிட்டார். காண்டிராக்டர் செம்பைத் தந்தார், சாட்சிக்கு வர மாட்டேன் என்றார். சேகருக்காக வாதாடும் வக்கீல் அம்மா, கருத்துச் சொன்னவரே கூண்டில் ஏறி அது தவறு என்று சொன்னால்தான் எடுபடும் என்றார். அதற்குப் பிறகு மேடம் ஒரு வாய்தாவையும் தவறவிடவில்லை. ஆறு முறை போனார். ஒருநாள் நீதிபதி விடுப்பு, ஒருநாள் அரசு வக்கீல் வரவில்லை, ஒருநாள் மாலை வரை உட்கார வைத்துவிட்டு அடுத்த மாதம் என்றார்கள். அதற்குள் அவர் இருதயம் கெட்டுப்போயிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். வாய்தா முடியட்டும் என்று இவர் தள்ளிப் போட்டார். நானும் சரி என்றேன்.

பெரும்பாக்கத்துக்கு அவர் முதல்முறை போனபோது துணைக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அந்த முழங்காலோடு படிக்குப் படி நின்று ஏறினார். தப்பு என்னுடையது, தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சேகரிடமும் அவர் மனைவி கஸ்தூரியிடமும் சொன்னார். சேகர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கஸ்தூரிதான் பேசினார்.

"நீ மன்னிப்பு கேட்டுகினு பூடுவ. இவுரு கீழ எறங்குனா சாமி வெளக்கு திருடன்னு புள்ளைங்க கத்துதுங்க. பழைய பேப்பர் எடுக்கக்கூட ஒரு வூட்லயும் கேட்டு தொறக்க மாட்டேங்கறாங்க. அதுக்கு இன்னா வழி கீது, சொல்லு."

அதற்குப் பிறகு சேகர் பழைய சாமான் எடுக்கப் போய்வந்த நகர்களுக்கெல்லாம் மேடமே போனார். கதவைத் தட்டி, அவர் திருடவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று வீடு வீடாகச் சொன்னார். சிலர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் கோர்ட் சொல்லட்டும் மேடம் என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு கதவும் சேகருக்குத் திறக்கவில்லை.

நான் அவசரப்படுத்தியதை மட்டும் எங்கேயும் அவர் சொல்லவே இல்லை. பெரும்பாக்கத்திலிருந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அதைக் கேட்டேன். "கையெழுத்து என்னுது சார். உங்க கை என் கையைப் பிடிச்சா எழுதுச்சு?" என்றார். அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆம், அன்று எனக்கு வந்த உணர்ச்சியின் பெயர் நிம்மதிதான். அதை நினைக்க நினைக்க என்னை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவரை எடுத்தார்கள். கஸ்தூரி வந்திருந்தார். சேகர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். துக்க வீட்டில் தன்னை யாராவது ஒரு மாதிரி பார்த்துவிடுவார்கள் என்று பயம். மேடத்தின் காலைத் தொட்டுவிட்டு வந்த கஸ்தூரி, கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இனிமே யாரு சார் சொல்லுவாங்க?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினேன்.

திங்கட்கிழமை கோர்ட்டில் சாட்சி இறந்துவிட்டதாகப் பதிவு செய்தார்கள். அடுத்த மாதத்துக்கு வாய்தா போட்டார்கள். வெளியே வந்ததும் வக்கீல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான், அவசரப்படுத்தியது நான், அவர் ஒரு வாரம் கேட்டார், செம்பைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவனும் நான் என்றேன். அவர், உங்களைச் சாட்சியாக்கச் சொல்லி மனு போட்டுப் பார்க்கிறேன், ஏற்பார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று உங்களைக் கிழித்துவிடுவார்கள் என்றார். கிழிக்கட்டும்.

நேற்று தனியாகப் பெரும்பாக்கம் போனேன். கஸ்தூரியும் சேகரும் இருந்தார்கள். நின்றபடியே சொல்லி முடித்தேன். சேகர் முதல்முறையாகச் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். கஸ்தூரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தம்மா படி ஏற முடியாம ஏறி வந்து அழுதுச்சு. நீ பக்கத்துலயே நின்னுகினு இருந்தியே சார்" என்றார்.

மேடத்தின் குறிப்பேடுகள் பதினொன்றையும் அவர் மகள் நம் குழுவுக்குத் தருவதாகச் சொல்கிறார். பூதக்கண்ணாடியை யார் வைத்துக்கொள்வது என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவற்றைத் தொடும் யோக்கியதை இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது, ஆறு முறை கோர்ட்டுக்குப் போயும் அவர் ஏற முடியாமல் போன அந்தச் சாட்சிக் கூண்டு ஒன்றுதான். கோர்ட் விட்டால் அடுத்த மாதம் அங்கே ஏறி, என் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.