பட்டம்மாள் சுவரில் முளைத்த பேய்கள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் பட்டம்மாளுக்குப் பேய் என்றால் கொள்ளை ஆசை. ரேடியோ எல்லாம் பெரிய வீட்டுச் சமாசாரமாக இருந்த காலம் அது. மத்தியானக் கஞ்சி வேளையில் கணக்கப்பிள்ளை சத்தார் பாய் மலிவுப் பேய்நாவல்களை உரக்கப் படிப்பார். மற்றப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இவள் வம்புக்கு நிற்பாள்.

"ஏன் பாய், ரத்தக்காட்டேரிக்கு வயசே ஆகாதா? ஒரு பல்லுகூடவா ஆடாது?"

"பொஸ்தகத்துல இருக்கறதைத்தான் படிக்கறேன். உனக்கு வேற காட்டேரி வேணும்னா நீயே பண்ணிக்கம்மா, பேஜார் பண்ணாதே!"

பண்ணிக்கொண்டாள். தோலில் இரும்பு பட்டால் கறுத்துவிடும் என்று மேஸ்திரி ஓயாமல் கத்துவார். அந்தக் கறுப்பே அவளுக்கு மை ஆயிற்று. கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த லாடத்தை ஊறப்போட்டாள். ஈச்சங்குச்சியை நசுக்கித் தொட்டு வீட்டுச் சுவரில் இழுத்தாள். கொள்ளிவாய்ப் பிசாசின் முன்னால் ஆம்பிளைகள் பீடி பற்றவைக்க வரிசையில் நின்றார்கள். மோகினி மல்லிகைப்பூவுக்குப் பதில் பட்டைக்கூடையைச் சுமந்து, வெடித்த குதிகாலோடு வேலை முடிந்து வந்தாள். ரத்தக்காட்டேரியோ கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு, பொக்கைவாயால் கஞ்சி குடித்தது.

இப்படி இருக்கையில்தான் மகள் பூரணிக்கு நாட்றம்பள்ளியிலிருந்து வரன் வந்தது. மாரியம்மன் திருவிழாவில் பையனைப் பார்த்ததிலிருந்து அவள் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பையனோட அம்மா ரங்கம்மா ரொம்பக் கறார்," என்றான் புருஷன் வேலாயுதம். "சுவத்துல உன் பேய்க் கூட்டத்தைப் பார்த்தா வந்த வண்டியிலயே திரும்பிடுவாங்க."

"இன்னாய்யா பயம்? சுண்ணாம்புக் குழியில போட்டா மாட்டு மயிரே கழண்டு வருது. இந்த மையா நிக்கும்?"

சுண்ணாம்புக் குழியிலேயே காலம் தள்ளும் வேலாயுதத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. விடிகாலையில் இருவரும் இரண்டு பூச்சுப் பூசினார்கள். சுவர் பளிச்சென்று ஆனது. பூரணிகூடச் சிரித்தாள்.

ரங்கம்மாள் மகனோடு வந்தார், உட்கார்ந்தார், வடையை வலதுபக்கக் கடைவாயில் வைத்து முகம் சுளித்தார், இடதுபக்கம் தள்ளினார். பட்டம்மாள் நிமிர்ந்தாள். அவர் தலைக்கு மேலே, காய்ந்துகொண்டிருந்த சுண்ணாம்பில் மை ஊறி, பழுப்பாக ஒரு பீடி முளைத்திருந்தது.

பிறகு பிசாசின் வாய். பிறகு மோகினியின் குதிகால். வேலாயுதம் துண்டை விரித்துச் சுவரோடு ஒட்டி நின்றான். துண்டுக்கு வெளியே கூடை எட்டிப்பார்த்தது. பூரணி காபித் தம்ளரோடு வாசற்படியில் உறைந்தாள். பையன் திரும்பிப் பார்த்து, வாயிலிருந்த வடையைத் துப்பிவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டான்.

ரங்கம்மாளும் திரும்பினார். நேர் எதிரே, கன்னத்தில் கட்டுப்போட்ட காட்டேரி.

"என் பல்வலி உங்களுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கிண்டல் பண்ணவா கூப்பிட்டீங்க?"

"ஐயோ, மாரியம்மா மேல சத்தியம்! அது பொங்கலுக்கு முன்னாடியே போட்டதுங்க!" என்று அலறினான் வேலாயுதம்.

"யாரு போட்டது?"

வேலாயுதம் கூரையைப் பார்த்தான். பூரணிதான் சொன்னாள்: "எங்கம்மா."

ரங்கம்மாள் எழுந்து சுவருக்கு மூக்கை ஒட்டினார். "இதுக்கு எந்தப் பக்கம் வலி?"

"இடது பக்கங்க," என்றாள் பட்டம்மாள்.

"எனக்கு வலது." கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எண்ணிப் பட்டம்மாள் செத்தாள். சிரிப்பு! "கஞ்சிதான் குடிக்குது, பாவம்! ஆறு மாசமா நானும் அதேதான்!"

பையன் அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெடித்தது. பூரணியும் சிரித்த சிரிப்பில் தம்ளரில் பாதிக் காபிதான் மிஞ்சியது.

"நாள் குறிங்க," என்றார் ரங்கம்மாள், கண்ணைத் துடைத்தபடி. "ஆனா தட்டு மாத்தறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு பல்லு போட்டுடுங்க."

பட்டம்மாள் லாடம் ஊறிய சட்டியை எடுத்து வந்தாள். எல்லார் எதிரிலும் குச்சியைத் தொட்டு ஒரு பல் இழுத்தாள்.

"கோணலா இருக்கே, சம்பந்தி," என்றார் ரங்கம்மாள்.

"முதப் பல்லு இல்லீங்களா, அப்படித்தான் முளைக்கும்."