மூன்றாம் காலையின் கோடு

இன்று காலை ஏழு பத்துக்குச் சஜியின் அழைப்பு வந்தது. கொச்சியில் கலூருக்குப் போகும் பேருந்தில், தோப்பும்படிப் பாலத்தின் மேல் இருந்தேன். சஜி, சுள்ளிக்கலில் என் அத்தானின் ஒர்க்ஷாப்பை ஒட்டிச் சாயாக்கடை வைத்திருப்பவன். அவனாக என்னை அழைத்ததே இல்லை. அத்தான் போனை எடுக்காத நாட்களில் நான்தான் அவனை அழைப்பேன்.

"பாபு, மணிச்சேட்டன் விழுந்துட்டாரு. வேகம் வா."

"எங்க? குழியிலயா?"

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒர்க்ஷாப்பில் ஒரு குழி உண்டு. எனக்கு அதுதான் தோன்றியது.

"குழியில இல்ல. என் கடைப் பெஞ்சுல. கட்டன் சாயா வாங்கி வெச்சாரு. குடிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்."

பாலம் தாண்டி இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஏழு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். வரும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இதயம் என்றார். அத்தானுக்கு நாற்பத்தொன்பது வயது. நேற்று இரவு எட்டு மணிக்கு என்னோடு போனில் பேசியிருந்தார். கார் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பற்றிப் பேசினார்.

சட்டைப் பையில் இருந்தவற்றை ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். போன், கார்ச் சாவி, மூக்குக் கண்ணாடி, ரோஸ் நிற நெயில் பாலிஷ்.

"இதும் இவரோடதா?"

"ஆமா. இவரோடதுதான்."

அவர் ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

பிச்சைமணி அத்தான் என் அக்கா வசந்தியின் கணவர். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து நகரசபைத் துப்புரவு வேலைக்காக மட்டாஞ்சேரிக்கு வந்தவர். பணியில் இருக்கும்போதே இறந்தார். அந்த வேலை மகனுக்கு வரவேண்டியது. அத்தான் அதைத் தன் அக்கா சந்தனமாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்தொன்பது வயதில் தோப்பும்படியில் ஒரு ஒர்க்ஷாப்பில் போய்ச் சேர்ந்தார். பிறகு சுள்ளிக்கலில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டார். வண்டியோடு வருகிறவர்களிடம் முதலில் என்ன சத்தம் கேட்டது, என்ன வாசனை வந்தது என்று கேட்பார். கேட்டு முடிக்கும்வரை பானட்டைத் திறக்கமாட்டார். முப்பது வருடம் மற்றவர்களின் கார்களையே ஓட்டிப் பார்த்தார். அவருக்கென்று ஒரு கார் போன மாதம்தான் வந்தது. அது என்னுடைய பழைய கார்.

ஒன்பது வருடம் நான் ஓட்டியது. வேலை கலூருக்கு மாறியபின் நிறுத்த இடம் கிடைக்காமல் பேருந்துக்குப் போய்விட்டேன். அதே சமயத்தில் அவர் மகள் ஜிஷாவுக்கு ஊட்டியில் நர்ஸிங் சீட் கிடைத்தது. வரும் திங்கட்கிழமை சேரவேண்டும்.

"பெட்டியத் தலையில வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல இறங்க மாட்டேன், மாப்ள" என்றார் அத்தான். "காலேஜ் வாசல்ல கார்ல கொண்டு போய் இறக்குவேன். முப்பது வருசம் ஊரான் வண்டியத் துடைச்சிருக்கேன். இது ஒண்ணு எனக்கு வேணும்."

மலையில் மழையும் மூடுபனியும் இருக்கும். கண்ணாடி மூடினால் உள்ளே புகைபோல் படியும். ஹீட்டர் போட்டால்தான் விலகும். கொச்சியில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? இந்த ஒன்பது வருடத்தில் அந்தக் குமிழை நான் சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் அத்தான் திருப்பினார். சஜியின் கடைக்கு முன்னால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். சஜி வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"மணிச்சேட்டா, ரெண்டு பேரும் வேகுறீங்களா? இறக்கும்போது சொல்லு, கப்பக்கிழங்கையும் சேர்த்து வெச்சுத் தரேன்."

"போடா. வெந்தா நல்லதுதான். வேகமாட்டேங்குதே."

கால்மணி நேரம் ஓடியும் குளிர்ந்த காற்றுதான் வந்தது. எஞ்சினோ நன்றாகச் சூடேறியிருந்தது. பானட்டைத் திறந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று சுட்டது. மற்றது சில்லென்று இருந்தது. டாஷ்போர்டுக்குள் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது, எஞ்சினிலிருந்து வரும் சூடான நீர் அதற்குள் சுற்றித் திரும்பினால்தான் சூடான காற்று வரும், இது உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். அதோடு கூலன்ட் டேங்கில் ஒரு வாரத்தில் இரண்டு விரல் குறைந்திருந்தது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை.

"எந்தத் தண்ணிய ஊத்துன?"

"கிணத்துத் தண்ணி."

"நம்ம கிணத்துத் தண்ணியா?"

"பைப்புத் தண்ணி சோத்துக்கே பத்தல, அத்தான்."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைத்தான் ஒன்பது வருடமும் பாட்டிலில் பிடித்து ஊற்றி வந்தேன். தண்ணீர் வடியும் பிளக்கைக் கழற்றியதும் டீ நிறத்தில் துருவும் செதிலும் கொட்டின. அத்தான் அதை உள்ளங்கையில் ஏந்தி எனக்குக் காட்டினார். திட்டியிருக்கலாம். சிரித்தார்.

"நீ ரத்தம் டெஸ்ட் பண்ற ஆளு. ஒருநாளாச்சும் இதப் பாத்திருக்கலாம்ல?"

முன் சீட்டுக் கால்விரிப்பைத் தூக்கினார். அடியில் ஈரம். மழைக்காலத்தில் குடையும் செருப்பும் விட்ட ஈரமா, ஹீட்டர் கசிந்த ஈரமா என்று தெரியவில்லை. விரலை மோந்தார். "கூலன்ட் ஊத்தியிருந்தா இனிப்பு வாசனை வரும். இதுல என்னத்த மோந்து பாக்க?"

தண்ணீர் போகும் இடம் இரண்டில் ஒன்று என்றார். அந்தச் சின்ன ரேடியேட்டர் கசிந்தால் பரவாயில்லை, புதிது மாட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகலாம். எஞ்சினுக்குள்ளேயே உப்பு அரித்துத் தண்ணீர் அங்கே போய் எரிந்தால், இந்தக் கார் மலை ஏறாது. அன்றே எல்லாவற்றையும் அலசிப் புதுக் கூலன்ட் ஊற்றினார். ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். இனி ஹீட்டர் கணக்கிலேயே இல்லை. அப்போதும் குறைந்தால் குற்றம் எஞ்சினுடையது.

அதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. மூன்று நாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன், டேங்கின் வெளிப்பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு. பேனா அழிந்துவிடும், பெயின்ட் காய நேரமாகும்; அதனால் ஜிஷாவின் நெயில் பாலிஷ் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். திங்கட்கிழமை முதல் கோடு. செவ்வாய்க்கிழமை ஒரு விரல் இறங்கியிருந்தது. இரண்டாவது கோடு. நான் பயந்துவிட்டேன்.

"இத வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது, மாப்ள. புதுசா ஊத்தும்போது உள்ள காத்து நிக்கும். அது வெளிய வந்தாலே ஒரு விரல் இறங்கும். மூணாவது கோடுதான் சொல்லும்."

நேற்று மாலை அக்காவையும் ஜிஷாவையும் ஏற்றிக்கொண்டு எர்ணாகுளம் வரை ஓட்டிவிட்டு வந்து, வீட்டு வாசலில் நிறுத்தினார். எட்டு மணிக்குத்தான் எனக்கு அந்த போன்.

"நாளைக்கு இறங்கலேன்னா ஊட்டி. இறங்கியிருந்தா பஸ்ஸு. ஜிஷாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத."

மற்ற இரண்டு நாளும் எழுந்தவுடன் கோடு போட்டுவிட்டுத்தான் சாயாவுக்குப் போனார். இன்று மட்டும் மாறிவிட்டது. நெஞ்சில் கேஸ் மாதிரி இருக்கிறது, ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் காரைத் தாண்டி நடந்திருக்கிறார். அக்கா இதை ஆஸ்பத்திரியில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அதே வார்த்தைகள். "கேஸ் மாதிரின்னுதான் சொன்னாரு, பாபு."

பதினொரு மணிக்கு அவரைக் கொண்டுவந்தோம். எங்கள் சந்து குறுகல். வாசலில் கார் நின்றதால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. பக்கத்து வீட்டு ரதீஷ் டாக்ஸி ஓட்டுகிறவன். என் கையில் இருந்த கவரிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஜிஷா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அதுவரை அவள் யாரோடும் பேசியிருக்கவில்லை.

"ரதீஷண்ணா, ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"மோளே, அச்சன் வெளிய நிக்கிறாரு. வழி விடணும்ல?"

"தள்ளுங்க. அப்பா இன்னும் பாக்கல."

ரதீஷ் என்னைப் பார்த்தான். சந்தில் இருந்த எல்லோரும் நின்றார்கள். சந்தனமாரி அக்கா அப்போதுதான் வந்திருந்தார். வார்டில் பாதி வேலையில் விட்டுவிட்டு, நகரசபைச் சீருடை மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல்.

"தகப்பன் வண்டியில கெடக்கான். இவளுக்கு இப்ப காரு."

"அத்தே, எஞ்சின் சூடாயிட்டா அளவு போயிரும். இன்னிக்கு மூணாவது நாளு."

அவளிடம் யாரும் சொல்லவில்லை. நெயில் பாலிஷைக் கேட்டு வாங்கிய அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் ரதீஷிடம் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். சஜி ஒரு பக்கம் பிடித்தான், நான் ஒரு பக்கம். கார் நகரவில்லை. சந்தனமாரி அக்கா வந்து, பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அந்தச் சீருடையோடு. கார் சந்தின் மறுமுனைவரை சத்தமில்லாமல் உருண்டு போனது. அதற்குப் பிறகுதான் அத்தான் உள்ளே வந்தார்.

நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது.

கல்லூரிக்கு போன் செய்தேன். பதினாறாம் நாள் கழித்து வந்தால் போதும் என்றார்கள். அக்காவிடம் சொன்னபோது, "எதுல போவா?" என்று மட்டும் கேட்டாள். ஜிஷா என்னைப் பார்த்தாள். பானட்டைத் திறக்க ஒரு நிமிடம் போதும். ரதீஷுக்கு மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டு. அளவு இறங்கவில்லையென்றால் அவள் அப்பாவின் காரிலேயே கல்லூரி வாசலில் போய் இறங்கலாம். இறங்கியிருந்தால் அதற்குக் காரணம் நான் ஒன்பது வருடம் ஊற்றிய தண்ணீர். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவள் சரி மாமா என்றாள்.

கார் இன்னும் சந்தின் மறுமுனையில் நிற்கிறது. நேற்று மாலைக்குப் பிறகு யாரும் அதை ஸ்டார்ட் செய்யவில்லை. செய்யாதவரை அளவு மாறாது. சாவியும் நெயில் பாலிஷும் அதே கவரில், என் மேசைமேல் இருக்கின்றன. டேங்கில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. மூன்றாவது இன்னும் போடவில்லை.