பட்டாளத்துக் குழியில் இரண்டு இழுப்பு

1. கயிறு பிடிக்க வந்த நாள்

நான் கயிறு பிடிக்கிற வேலைக்கு வந்தபோது எனக்கு முப்பது வயது. அதுவரை நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அணைக்கட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முருகனை வேண்டிக்கொண்டு போனேன். என்னை டைவர் ஜமால்தீனிடம் விட்டார்கள்.

டைவர் என்றால் தண்ணீருக்கு அடியில் போய் வேலை செய்கிறவர். அணையிலிருந்து தண்ணீர் உள்ளே போகிற வாயில் ஒரு கம்பிவலை இருக்கும். அதில் மரமும் குப்பையும் அடைத்துக்கொண்டால் அவர்தான் இறங்கி எடுக்க வேண்டும். முதுகில் இரண்டு காற்று சிலிண்டர், வாயில் ரப்பர் குழாய், முகத்தில் கண்ணாடி. இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பதுதான் என் வேலை.

ஜமால்தீன் ஹட்டன் டவுன்காரர். கொழும்புத் துறைமுகத்தில் தொழில் கற்றவர். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு இழுத்தார்.

"எத்தின?"

"ஒண்ணு, நானா."

"ஒண்ணுன்னா நான் நல்லா இருக்கேன். இப்ப?"

"ரெண்டு."

"ரெண்டுன்னா கயிறு விடு. மூணுன்னா தொய்வ எடு. நாலுன்னா என்னை மேல இழு. நாலுக்கு மட்டுந்தான் இழுக்கணும், வெளங்குதா? ரெண்டுக்கு இழுத்தியோ, நான் மேல வந்து ஒன்ட காதப் பிடிச்சு இழுப்பேன்."

நான் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா முத்துவேல், ஆட்டுக்கெடா புடிக்கிற மாதிரி புடிச்சிருக்க? பொஞ்சாதி கையப் புடிக்கிற மாதிரி புடி. இறுக்கினா கோவிப்பா, விட்டா போயிடுவா."

மூன்று வருடம் அப்படிப் பிடித்தேன். ஒரு தடவைகூட எண்ணிக்கை தப்பவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்காகச் சொல்கிறேன்.

2. பட்டாளத்துக் குழி

ஆனி மாத மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வருடம், டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து துரையின் கடிதம் அணைக்கட்டு ஆபீசுக்கு வந்தது. டைவரை இரண்டு நாளைக்கு அனுப்பி உதவ வேண்டும் என்று.

அந்தத் தோட்டத்து மலை ஒன்றின் நெற்றியில், உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் குண்டும் தோட்டாவும் வைக்க ஒரு சுரங்கம் வெட்டியிருந்தது. முழுக்க சிமெந்து. யுத்தம் முடிந்ததும் சாமான்களை எடுத்துக்கொண்டு பட்டாளம் போய்விட்டது. மலை ஊற்றும் மழையும் சேர்ந்து சுரங்கம் வாய்வரை நிரம்பிவிட்டது. சனங்கள் அதைப் பட்டாளத்துக் குழி என்றார்கள். ஆடு மாடு விழாமல் சுற்றி முள் போட்டிருந்தார்கள்.

குழிக்கு நேர் கீழே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய ஒரு லயம். இருபது காம்பரா, இருபது குடும்பம். அந்த வருடம் லயத்து அடுப்புகளுக்குள் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. குழிக்கும் லயத்துக்கும் நடுவில், தேயிலைச் செடிகளுக்கு ஊடாக ஒரு வெடிப்பு ஓடியது. நாங்கள் போனபோது அதற்குள் என் கை முழங்கை வரை போனது. குழித் தண்ணீர் இறங்காவிட்டால் மலை இறங்கும். அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை.

பம்ப் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பகல் முழுக்க இறைத்தால் ஒரு முழம் இறங்கும், ராத்திரி மழையில் ஒன்றரை முழம் ஏறும். சனங்களைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் படுக்கச் சொன்னார் துரை. மூன்று நாள் படுத்தார்கள். ஆடும் கோழியும் சட்டிபானையும் லயத்தில் கிடக்கின்றன என்று திரும்பி வந்துவிட்டார்கள்.

வழி சொன்னவர் பெரிய கங்காணி. யுத்த காலத்தில் அந்தக் குழிக்குச் சிமெந்து சுமந்தவர்.

"முப்பது படி எறங்கணுங்க. அப்புறம் நேரா ஒரு நடை. ரெண்டு பக்கமும் ரூம்பு. கடைசியில ஒரு இரும்புக் கதவு. அதுக்கு அந்தாண்ட ஒரு சக்கரம் இருக்கு. அதத் திருப்பினா தண்ணி பைப்பு வழியா ஓடைக்குப் போயிரும். பட்டாளத்தான் போறப்ப அந்தச் சக்கரத்த மூடிட்டுப் போயிட்டான்."

"கதவு தொறந்து இருக்கா, மூடி இருக்கா?" என்று நானா கேட்டார்.

"நான் பாத்தப்ப தொறந்துதான் இருந்துச்சு. அது ஆச்சு பன்னெண்டு வருசம்."

துரை தொப்பியிலிருந்து மழைத் தண்ணீரை உதறிவிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "டைவர், முடியும்? முடியாது?"

நானா குழியைப் பார்த்தார், கீழே லயத்தைப் பார்த்தார். ஒரு பெண் கூரைத் தகரத்தின்மேல் கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முடியும் துரை. ஆனா நான் உள்ள இருக்கையில யாரும் என்ட வேலையில கை வைக்கப்படாது."

3. வடம்

முதல் நாள் நானா கதவு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உதடு நீலமாகிவிட்டது. அந்த உயரத்துத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: கதவு பாதிதான் திறந்திருக்கிறது, துருப்பிடித்து அசையாது. சிலிண்டரோடு பக்கவாட்டாகத் திரும்பினால் ஒரு ஆள் நுழையலாம். உள்ளே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கையால்தான் பார்க்க வேண்டும்.

"நாளைக்கு சக்கரத்தத் திருப்பிட்டு வந்துருவேன். வர்றப்ப கயிறு கதவுல மாட்டும். ரெண்டு கொடுப்பேன். நீ தாராளமா விட்டாப் போதும், நான் கழட்டிக்கிட்டு வருவேன்."

மறுநாள் காலையில் குழி மேட்டில் லயத்துச் சனம் முழுக்க நின்றது. வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குக்கூடப் போகவில்லை. பூசாரி மாரியம்மன் கோயிலிலிருந்து திருநீறும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தார். நானா பிஸ்மில்லா சொல்லிவிட்டு இறங்கினார். கயிறு என் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியது. படி முடிந்ததும் ஒரு இழுப்பு. கதவைத் தாண்டியதும் ஒரு இழுப்பு. பிறகு நின்றது. சக்கரத்தில் மல்லுக்கட்டுகிறார் என்று தெரிந்துகொண்டேன்.

அப்போது ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். நேற்றுக் கூரையில் கல் வைத்தவள். பெயர் பொன்னம்மா.

"தம்பி, எங்க வீட்டுக்காகத்தானே அந்த மனுசன் எறங்கியிருக்காரு. நாங்களும் ஒரு கை தொட்டுக்கிறோம் தம்பி. தேர் வடத்தத் தொடுற மாதிரி."

எங்கள் தோட்டங்களில் தேர்த் திருவிழா என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடத்தில் கை வைக்காதவர் இருக்க மாட்டார்கள். கைப்பிள்ளையின் விரலைக்கூடத் தொட வைத்து எடுப்பார்கள். இழுக்கிற பலம் பெரிதல்ல, தொடுவதுதான் பெரிது. நானும் அப்படித் தொட்டு வளர்ந்தவன். நானா சொன்னது காதில்தான் இருந்தது. இருந்தாலும், அத்தனை பேர் வேண்டுதலும் அவருக்குத் துணையாகப் போகட்டுமே என்று நினைத்தேன்.

"தொட்டுக்குங்க. இழுக்காதீங்க" என்றேன்.

பொன்னம்மா தொட்டாள். அவள் மாமியார் தொட்டாள். பிறகு நாற்பது ஐம்பது கை. எனக்குப் பின்னால் கயிற்றின் நீளம் முழுக்கக் கை. கயிறு நடுங்கியது. அது குளிரா, அழுகையா, நானாவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திடீரென்று கீழே ஓடையில் இடி மாதிரி ஒரு சத்தம். "தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!" பைப்பின் வாயிலிருந்து செம்மண் நிறத்தில் பீறிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி கற்பூரம் ஏற்றினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் கயிறு இழுத்தது. இரண்டு.

இரண்டுதான். என் கை அதை எண்ணியது. ஆனால் பெரிய கங்காணி பின்னாலிருந்து கத்தினார்: "கூப்பிடுறாருடா! இழுங்கடா!"

"அரோகரா!"

ஐம்பது பேர் இழுத்தார்கள். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு நாலு முழம் பின்னால் போய், படக்கென்று நின்றது.

"விடுங்க! விடுங்க!" என்று கத்தினேன். தேர் சிக்கிக்கொண்டால் சனம் விடாது. இன்னும் சேர்ந்துதான் இழுக்கும். அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். இன்னொரு அரோகரா, இன்னொரு இழுப்பு. நான் திரும்பிப் பெரிய கங்காணியின் மணிக்கட்டைக் கடித்தேன். பூசாரியை முழங்கையால் இடித்தேன். அப்புறம்தான் ஒவ்வொருவராக விட்டார்கள்.

கயிற்றை மெல்லத் தளர்த்தி ஒரு இழுப்பு கொடுத்தேன். கரையிலிருந்து கொடுத்தால் நல்லா இருக்கீங்களா என்று அர்த்தம். பதில் இல்லை. மறுபடி கொடுத்தேன். எத்தனை தடவை கொடுத்தேன் என்று தெரியாது. சிலிண்டரில் இருக்கிற காற்று நாற்பது நிமிடத்துக்குக் காணும் என்று தெரியும். படியில் இறங்கிக் கழுத்துவரை தண்ணீரில் நின்றேன். எனக்கு நீந்தத் தெரியாது. இரண்டாவது டைவர் என்று மலைநாட்டில் யாரும் இல்லை.

ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குலவை நின்றுவிட்டது.

4. இரும்புக் கதவு

மறுநாள் காலை குழியில் முழங்கால் தண்ணீர்தான். பெட்ரோமாக்ஸ் பிடித்துக்கொண்டு நானும் பெரிய கங்காணியும் நடையில் போனோம்.

நானா கதவு இடுக்கில் இருந்தார். பக்கவாட்டாக நுழைய வேண்டிய இடத்தில் கயிறு அவரை நேராக இழுத்துச் செருகியிருந்தது. கயிறு கீலின் போல்ட்டைச் சுற்றிக் கிடந்தது. இரண்டு முழம் தளர்த்தியிருந்தால் ஒரு விரலால் கழற்றியிருப்பார். கயிறு அறுக்கிற கத்தி இடுப்பில்தான் இருந்தது. அதன் உறைமேல் கயிறு இறுகியிருந்தது. வாய்க்குழாய் தோளுக்குப் பின்னால் தொங்கியது.

பெரிய கங்காணி தலையில் கை வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

லயம் விழவில்லை. இருபது குடும்பமும் பிழைத்தன. அதையும் சொல்ல வேண்டும்.

5. எழுதிய தாள்

நுவரெலியாவிலிருந்து விசாரணைக்கு ஒரு சிங்கள ஐயா வந்தார். அதற்கு முன்பே பெரிய கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடிபட்ட கையில் துணி சுற்றியிருந்தார்.

"தம்பி, நாலுன்னு சொல்லிரு. ரெண்டுன்னு சொன்னா இந்த லயமே கோர்ட்டு வாசல்ல நிக்கணும். செத்தவரு வந்து கேக்கப் போறாரா?"

ஐயா சிங்களத்தில் கேட்டார், எத்தனை இழுப்பு என்று. "ஹதரய் மாத்தயா" என்றேன். நாலு, ஐயா. டைவர் மேலே இழுக்கும்படி தப்பான நேரத்தில் சைகை கொடுத்தார், கயிறு சிக்கியது என்று எழுதிக்கொண்டார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குக் கோயிலுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நானாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சில நாள் கழித்து ஹட்டனில் நானா வீட்டுக்குப் போனேன். நானாவின் மனைவி, என் மதினி, கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கிற இத்தாவில் இருந்தார். அன்னிய ஆணின் முகம் பார்க்கக் கூடாது. நானாவின் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மதினி திரைக்குப் பின்னால் இருந்தார். நடந்ததைச் சொன்னேன், சனம் கயிற்றைத் தொட்டது வரைக்கும்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவரு எத்தின இழுப்பு கொடுத்தாரு?"

நான் உள்ளங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஊஞ்சல் கயித்த வச்சு பிள்ளைகளுக்கு அவரு வெளையாட்டுக் காட்டுவாரு. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். எத்தின?"

"ரெண்டு, மதினி."

நானாவின் தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். மதினியின் குரல் மறுபடி கேட்டது: "அந்தச் சனம் உசுரோட இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க."

"அது அல்லாட கிருபை. ஆனா தம்பி, அவரு தப்பா இழுத்தாருன்னு தாள்ல எழுதி வச்சிருக்காங்க. என்ட பிள்ளைகள் வளர்ந்து அதப் படிக்கும். அவரு தப்பா இழுக்கல்ல. அத மாத்திட்டு வாங்க. வேற ஒண்ணும் நான் உங்கக்கிட்ட கேக்கல்ல."

மறுநாள் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனேன். அந்த ஐயா முன்னால் நின்று, இரண்டு என்றேன். கயிற்றில் கை வைக்கச் சனத்தை விட்டது நான்தான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் முதலில் பொய் சொன்னாய் என்று கேட்டார்.

"பயம், ஐயா. அந்தச் சனம் எங்க சனம்."

பழைய வரியை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். டைவர் முறைப்படி சைகை கொடுத்தார், கயிறு பிடித்தவரின் கவனக்குறைவு என்று. லயத்தில் யாரையும் கூப்பிடவில்லை. என் வேலை போயிற்று. ஒரு வருடம் மறுபடியும் பெல்ட் மாட்டினேன். கம்பிவலையில் குப்பை அடைத்து, கொழும்பிலிருந்து வேறொரு டைவர் வந்தபோது, கயிறு பிடிக்க ஆள் கிடைக்காமல் என்னையே கூப்பிட்டார்கள். அப்புறம் ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கயிற்றை ஒருவன் மட்டும் பிடிக்க வேண்டும். துரை வந்தாலும் பூசாரி வந்தாலும், அழுதுகொண்டு பொன்னம்மாவே வந்தாலும் தர வேண்டாம். உங்கள் கை எண்ணியதை ஐம்பது பேர் கத்தினாலும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

நான் தினமும் சாமி கும்பிடுகிறவன். ஆனால் அதற்குப் பிறகு, தண்ணீருக்குள் ஆள் இருக்கும்போது ஒரு நாளும் கும்பிட்டதில்லை. டைவர் கரையேறி, வாய்க்குழாயைக் கழற்றி, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவார். திட்டினாலும் சரி. அப்புறம்தான் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு முருகா என்பேன்.