பத்து மணிக்கு மறையும் சென்சார்கள்

என் ஆராய்ச்சிக்காக விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் உலர்த்தும் கூடத்தில் பன்னிரண்டு சென்சார்களை மாட்டியிருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள் அங்கே ரேக்குகளில் காயும். சென்சார்கள் கூடத்தின் சூட்டையும் ஈரப்பதத்தையும் அளந்து, ஒன்றிடமிருந்து இன்னொன்று வாங்கி, ஆபீஸ் அறையிலிருந்த என் லேப்டாப்புக்கு அனுப்பும். எது எதனிடம் கொடுக்க வேண்டும் என்பதை அவை தாமாக முடிவு செய்யாது. லேப்டாப்பில் நான் எழுதிவைத்த கன்ட்ரோலர் புரோகிராம்தான் சொல்லும். அதுதான் என் ஆராய்ச்சியே.

கல்லூரி ஆய்வகத்தில் ஒழுங்காக ஓடியது. இங்கே காலை பத்து மணியானால் பாதி சென்சார்கள் திரையிலிருந்து மறைந்துவிடும். நான்கு மணிக்குமேல் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். கன்ட்ரோலர் புதுப்புது வழிகளைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டளைகளும் போய்ச் சேராது. பேட்டரிகளை மாற்றினேன். புரோகிராமை மூன்று முறை திருத்தினேன். என் வழிகாட்டியான பேராசிரியருக்கு போன் செய்தபோது, "புரோகிராம் கோடுலதான் எங்கயோ தப்பு இருக்கும், பாரும்மா" என்றார். சரிதான், ஆனால் மணி பத்தானது கோடுக்கு எப்படித் தெரியும்?

ஒரு புதன்கிழமை எதுவுமே மறையவில்லை. நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று விளங்காமல் கூடத்துக்குள் போனேன். ரேக் அடுக்கும் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வேலை இல்லையாக்கா?"

"மண்ணு கலக்குற மோட்டாரு நேத்து ரிப்பேரும்மா. அச்சுல ஊத்தல. ஈர சரக்கே இன்னிக்கு கிடையாது."

"மத்த நாள்ல எத்தன மணிக்கு அடுக்குவீங்க?"

"டீ குடிச்சிட்டு வந்து பத்து மணிக்கு. சாயங்காலத்துக்குள்ள பாதி தண்ணி வத்திடும்."

ஈரம் ரேடியோ அலைகளை விழுங்கும் என்று பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். ஆய்வகத்தில் ஈர மண் இல்லாததால் அது நினைவுக்கே வரவில்லை.

மறுவாரம் நடு ரேக்கில் ஒரு தட்டை மட்டும் காலியாக விடச் சொன்னேன். சிக்னல் போக வழி வேண்டும் என்றேன். அக்கா தட்டை உருவிவிட்டு, "இவ்ளோ சந்து போதுமாம்மா?" என்று கேட்டார். போதுமாக இருந்தது. பதினொரு சென்சார்கள் நாள் முழுக்க மறையாமல் நின்றன.

வாசலோரத்தில் இருந்தது மட்டும் பத்து மணிக்கு மறைந்தது. அதன் அருகில் ரேக்கே இல்லை. வேறு சென்சாரை அங்கே மாட்டினேன், அதுவும் மறைந்தது.

ஆய்வேட்டில் அதற்கு ஒரே வரிதான்: காரணம் தெரியவில்லை. வாய்மொழித் தேர்வில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.